ஜீப் ராத்தாவின் வின்ச்

அவர் முதன்முதலாக என் லேத் கடைக்கு வந்த அன்று கரண்ட் இல்லை. கல்முனையில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை போய் வந்துகொண்டிருந்த காலம் அது. ஓடாத மெசினுக்குப் பக்கத்தில் வாங்குப் பலகையில் இருந்து நான் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். அபாயாவின் ஓரமெல்லாம் கடல் மணல் ஒட்டியிருக்க, சுருட்டிய சிமெந்துப் பை ஒன்றைக் கையில் பிடித்தபடி வாசலில் வந்து நின்றார். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர்; மூத்த பெண்களை நாங்கள் ராத்தா என்போம். கரண்ட் எப்போது வரும் என்று கேட்டார். இப்போது வந்துவிடும் ராத்தா என்றேன். எங்கால வரும் என்றார். அம்பாறையிலிருந்து வரும் என்றேன். அம்பாறைக்கு எங்கால வருது என்றார்.

பகிடி பண்ணுகிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் பகிடி இல்லை. எனக்குத் தெரியாது என்று விளங்கியதும் சிமெந்துப் பையை வாங்கில் விரித்தார்.

பையின் உட்பக்கத்தில் பென்சிலால் ஒரு படம். கம்பிக் கயிறு சுற்றுகிற உருளை, அதன் பக்கத்தில் பல்லுச்சக்கரப் பெட்டி, பெட்டியிலிருந்து வெளியே நீட்டி நிற்கும் ஒரு இரும்புத் தண்டு. சாண் இவ்வளவு, விரல் இவ்வளவு என்று அளவெல்லாம் எழுதியிருந்தார்.

"எங்கட ஜீப்புட முன்பக்கம் இரிக்கிற வின்ச் இது. உருள நல்லம். உள்ளுக்குக் கிடக்கிற சக்கரமும் நல்லம், கழட்டிப் பாத்திட்டன். இதச் சுத்துறதுக்குத்தான் ஒண்டும் இல்ல."

அந்த ஜீப்பை ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஏதோ ஒரு திணைக்களம் காட்டில் மரம் இழுக்க வைத்திருந்து, பழசானதும் ஏலத்தில் விட்டது. அவருடைய புருசன் அதை வாங்கி விறகு ஏற்றினார். ஏலத்துக்கு வரும் முன்பே யாரோ அடியில் படுத்து, கியர்பெட்டியிலிருந்து வின்ச்சுக்குப் போகும் தண்டையும் சக்கரங்களையும் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். பிறகு ஒரு நாள் புருசன் வியாபாரத்துக்கென்று தெற்குப் பக்கம் போனார். அங்கே இன்னொரு குடும்பமாகிவிட்டார். ஜீப் அன்றைக்கு ஸ்டார்ட் ஆகவில்லை, அதனால்தான் தனக்கு மிஞ்சியது என்று ராத்தாவே சொல்லிச் சிரிப்பார்.

அதைத் திருத்த வந்த மெக்கானிக்குக்குப் பக்கத்தில் பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, வேலை முடிகிற வரைக்கும் தினமும் இருந்தாராம். தெருவில் கதைக்கத்தான் செய்தார்கள். அவர் காதில் எடுக்கவில்லை. ஒவ்வொரு சாமானையும் தொட்டு, இது எதைச் சுற்றுது, இதை எது சுற்றுது என்று கேட்டு, கடைசியில் எஞ்சினில் எரிகிற எண்ணெயில் வந்து நின்றாராம். அந்த மனிசிக்குப் பதில் சொல்லியே களைத்துப்போனேன் என்று அந்த மெக்கானிக் என்னிடம் பிற்பாடு சொன்னார்.

வின்ச் எதற்கு என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. வாப்பா விட்டுப்போன இரண்டு பைபர் தோணிகள் அவருக்கு இருந்தன. அவருடைய தம்பிதான் கடலுக்குப் போகிறவர். முன்பு தோணி கரைக்கு வந்தால் பத்துப் பேர் தோள் கொடுத்து மணலில் ஏற்றிவிடுவார்கள். இப்போது கரை சரிவாக இல்லை. கடல் அரித்து அரித்து ஆளுயரத்துக்கு நெட்டாக வெட்டிவிட்டிருந்தது. அந்த மேட்டில் தோணியை ஏற்றப் பத்துப் பேர் போதாது, பத்துப் பேரும் இல்லை. பாதிப்பேர் கட்டாரில், மீதிப்பேர் ஓட்டோ ஓடினார்கள். மாரி தொடங்கினால் தோணியை மேலே ஏற்றாமல் வைத்திருக்க முடியாது.

அவருக்கு ஒரே மகள். சம்மந்தம் பேசி முடிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்க வேண்டும். அவர் இருந்த வீடு அவருக்கு வாப்பா கொடுத்தது. அதற்கும் கடலுக்கும் இடையில் முன்பு ஒரு தெருவும் இரண்டு வீட்டு வளவும் இருந்தன, அப்போது ஒரு தென்னை வரிசைதான் மிச்சம். மகளுக்கு அந்த வீட்டைக் கொடுக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். வயல் பக்கம் ஒரு துண்டுக் காணி வாங்கி அத்திவாரம் போட்டிருந்தார். தோணி ஓடினால்தான் சுவர் எழும்பும்.

நான் முதலில் சொன்னது லேசான வழி. லொறி ஒன்றின் ஸ்டார்டர் மோட்டரைத் தண்டில் பூட்டி, பட்டறிக் கரண்டில் ஓட்டலாம், இரண்டு நாள் வேலை என்றேன்.

"பட்டறிக்குப் பெலன் எங்கால வருது?"

எஞ்சின் ஓடினால் சார்ஜ் ஏறும் என்றேன்.

"அப்ப எஞ்சின்தானே இழுக்குது. நடுவுல பட்டறிக்கு என்ன வேல, தம்பி?"

எஞ்சின் நின்றுபோனாலும் பட்டறி இழுக்கும் என்றேன். அது நல்ல பேச்சு என்று ஒப்புக்கொண்டார். எத்தனை தோணி இழுக்கும் என்று கேட்டார். ஒன்று இழுக்கும், பிறகு மோட்டர் சூடாறக் காத்திருக்க வேண்டும் என்றேன். எவ்வளவு நேரம் என்றார். அரை மணித்தியாலம் என்றேன். சிமெந்துப் பையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அரை மணித்தியாலம் கடலும் சூடாறிக்கொண்டு நிற்குமா என்று அவர் என்னிடம் கேட்கவில்லை, நானே யோசித்தேன்.

இரண்டு கிழமை கழித்து வந்தார். மண் வெட்டுகிற மெசின் எண்ணெயின் அழுத்தத்தில்தானே இவ்வளவு பாரம் தூக்குது, அதை வைத்தால் என்ன என்று கேட்டார். செய்யலாம், எஞ்சினில் ஒரு பம்பு, வின்ச்சில் ஒரு மோட்டர், நடுவில் குழாய் என்றேன். வாய்க்கால் ஒன்றில் அந்த மாதிரி மெசின் வேலை செய்துகொண்டிருந்தது, போய்ப் பார்த்தோம். எல்லோரும் அதன் கையைப் பார்ப்பார்கள். அவர் குனிந்து அடியில் சொட்டும் எண்ணெயைப் பார்த்தார். ஓட்டுபவரிடம், ஒரு நாளைக்கு எவ்வளவு எண்ணெய் ஊற்றுவீர்கள் என்று கேட்டார். உப்புக் காற்றில் இந்தக் குழாய் எத்தனை மாரி தாங்கும் என்று என்னிடம் கேட்டார். இரண்டு, மூன்று என்றேன். அதுவும் போனது.

பிறகு மிச்சமிருந்தது கியர்பெட்டி வழிதான். வண்டியைச் செய்தவர்கள் வைத்த வழி அதுதான், அதுதான் சரி என்று நான் நம்பினேன். அம்பாறைக்கு அப்பால் ஒரு சிங்கள முதலாளியின் பழைய இரும்புக் கடையில் அதே மாதிரி ஜீப் ஒன்று கிடப்பதாகக் கேள்விப்பட்டு, அவரும் அவர் தம்பியும் நானும் பஸ்ஸில் போனோம். சாமான் இருந்தது. முதலாளி எண்ணெய் துடைத்துக் கையில் கொடுத்தார். ராத்தா வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒவ்வொரு பல்லாக நகத்தால் தடவினார். பதினோராவது பல்லில் விரல் நின்றது. மயிர் கனத்தில் ஒரு வெடிப்பு. நான் பார்த்திருக்கமாட்டேன். முதலாளி பாதிக்குப் பாதி குறைத்துத் தருவதாகச் சொன்னார். உடைகிற பல்லுக்குக் குறைந்த விலை எது என்று ராத்தா தனக்குத் தெரிந்த அரைச் சிங்களத்தில் கேட்டார். முதலாளி சிரித்து எங்களுக்கு இளநீர் வெட்டித் தந்தார். வெறுங்கையோடு வந்தோம்.

அந்த நாட்களில்தான் கடலரிப்புப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. கொழும்பிலிருந்து வந்த ஒரு அதிகாரி, கரை நெடுகக் கல் போடப் போகிறோம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். பெண்கள் பக்கத்தில் இருந்து ராத்தா எழும்பி, கல்லு எந்த மலையில இரிக்கி என்று கேட்டார். அதிகாரிக்கு விளங்கவில்லை. ஒருவர் எடுத்துச் சொன்னதும் அது பிறகு முடிவாகும் என்றார். கல் உடைக்கிறது யார், ஏற்றுகிற லொறி எது, எந்தப் பாதையால் வரும் என்று கேட்டுக்கொண்டே போனார். சபை சிரித்தது. நானும் சிரித்தேன். பக்கத்தில் இருந்த அவருடைய தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கூட்டத்தில் கரையைப் பற்றி உண்மையாகக் கதைத்த ஒரே ஆள் அவர்தான் என்று எனக்கு விளங்கியபோது கரை இல்லை.

வழியைக் கண்டுபிடித்ததும் அவர்தான். ஒரு காலை கடைக்கு வந்து, மூச்சு வாங்க நின்றார். பட்டறி இறங்கிக் கிடந்ததால் ஜீப்பைக் கையால் ஸ்டார்ட் பண்ணியிருக்கிறார். பழைய வண்டி, முன்பக்கம் ஓட்டையால் வளைந்த கம்பியை விட்டுச் சுற்ற வேண்டும்.

"தம்பி, இந்தக் கம்பிய நான் சுத்தினா எஞ்சின் சுத்துது. அப்ப எஞ்சின் சுத்தினா இந்தக் கம்பி சுத்தாதா?"

நான் கையில் இருந்த அரத்தைக் கீழே வைத்தேன். இருபது வருசம் இரும்போடு இருந்தவன், எனக்கு அது படவில்லை. வின்ச் அந்த ஓட்டைக்கு நேரே முன்னால்தான் இருந்தது. சுற்றாது ராத்தா, எஞ்சின் பிடித்ததும் கம்பியைத் தள்ளிவிடுகிற மாதிரித்தான் அந்த இடத்தில் பல்லுச் சாய்த்து வெட்டியிருக்கிறார்கள் என்றேன். முகம் விழுந்தது. ஆனால் அந்தப் பல்லை நான் வேறு மாதிரி வெட்டலாம் என்றேன். நழுவாமல் வெட்டுவீங்களா என்றார். வெட்டலாம் என்றேன்.

ஒன்பது நாள் வேலை. எஞ்சின் முனையும் வின்ச் தண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும் பற்களை நேராக வெட்டி, அவற்றைச் சேர்க்கவும் பிரிக்கவும் ஒரு லீவர் வைத்தேன். கொஞ்சம் சாய்த்து வெட்டினால் பாரம் இருக்கும்போதும் லீவரை இழுத்துக் கழற்றலாம், ஆனால் சில வேளை நழுவும். அவர் நழுவக் கூடாது என்றார், நான் நேராக வெட்டினேன். தண்டின் நடுவில் ஆணி மாதிரி ஒரு பின் வைத்தேன், மெல்லிய இரும்பில். பாரம் கூடினால் அது அறுந்து மற்றதையெல்லாம் காப்பாற்றும். உடைவதற்கென்றே ஒரு சாமானா என்று அதைக் கையில் வைத்து அவர் வெகுநேரம் பார்த்தார்.

முதல் தோணியை இழுத்த அன்று கடற்கரையில் சனம் கூடிவிட்டது. ஜீப் மேட்டில் கடலைப் பார்த்து நின்றது, பின்னால் ஒரு தென்னையில் சங்கிலியால் கட்டியிருந்தது. அவரே உள்ளே ஏறி இருந்தார், லீவரைத் தம்பியிடமும் விடவில்லை. கம்பிக் கயிறு இறுகி, மணலில் கோடு போட்டுக்கொண்டு, தோணி ஒரு கிழவி படியேறுகிற மாதிரி மெதுவாக மேலே வந்தது. தோணி தள்ளிக் கூலிக்கு மீன் வாங்கிப்போகும் இரண்டு வயசாளிகள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். அன்றைக்கு அவர்களுக்கும் மீன் கொடுத்தார். அடுத்த மாதம் அவர்கள் வரவில்லை. அதைப் பற்றி அவர் ஒரு தடவை என்னிடம் கதைத்தார், பிறகு கதைக்கவில்லை.

மாரிக்கு முந்திய அந்தக் கச்சான் காற்றுக் காலம் முழுக்க வின்ச் ஓடியது. வயல் பக்கத்து அத்திவாரத்தில் யன்னல் மட்டத்துக்குச் சுவர் எழும்பியது. என் கடைப்பக்கம் வந்தால் மகளின் வீட்டுக் கதவுக்கு என்ன பிணைச்சல் நல்லது என்று கேட்பார்.

அடுத்த மாரி முந்தியே வந்தது. ஒரு காலை அவருடைய தம்பி ஓடிவந்தார். பின் அறுந்துவிட்டது, இரண்டாவது தோணி அலைக்குள் நிற்கிறது, புதுப் பின்னோடு வரட்டாம் என்றார். நான் நாலைந்து பின்னை எடுத்துக்கொண்டு போனேன்.

மேடு முந்திய நாளைவிட இரண்டு பாகம், பன்னிரண்டு அடி, உள்ளே வந்திருந்தது. முன் தென்னைகள் விழுந்துவிட்டன. ஜீப்பை வீட்டு வாசலோடு ஒட்டி நிறுத்தி, கடைசித் தென்னையில் கட்டியிருந்தார்கள். முதல் தோணி மேலே ஏறிவிட்டது. மற்றது கீழே அலையில் ஆடி எதிலோ சிக்கி நின்றது. முன்பு வளவாயிருந்த இடத்தின் கிணறு அது. மண் போய், கொங்கிரீட் வளையங்கள் மட்டும் கடலுக்குள் நின்றன. தோணியின் அடி அதில் மாட்டியிருந்தது.

புதுப் பின்னைப் போட்டேன். பத்துச் சுற்றில் அறுந்தது. இன்னொன்று போட்டேன். அதுவும் அறுந்தது. மழை முகத்தில் அடித்தது. மகள் வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தெருப்பக்கம் தூக்கிக்கொண்டிருந்தாள்.

ராத்தா கீழே இறங்கி வந்து என்னிடம் ஒரு உருக்கு போல்ட்டை நீட்டினார். ஜீப்பின் பின்பக்கத்தில் கழற்றியது.

"இதப் போடுங்க."

"ராத்தா, இது அறாது."

"பின் அறாட்டி வேற என்ன அறும்?"

கம்பிக் கயிறா, சக்கரமா, தண்டா என்று யோசித்தேன். தெரியாது ராத்தா என்றேன்.

அவரை அறிந்த அத்தனை காலத்திலும் தெரியாது என்ற பதிலோடு அவர் விட்டதில்லை. தெரிந்த ஆளைத் தேடிப் போவார், இல்லாவிட்டால் தானே கழற்றிப் பார்ப்பார். அன்றைக்குக் கடலை ஒருதரம் பார்த்தார், மகளை ஒருதரம் பார்த்தார். போடுங்க என்றார். நான் போட்டேன். மறுத்திருக்கலாம். இன்றுவரை நான் அதற்கு ஒரு நியாயமும் கண்டுபிடிக்கவில்லை.

அவர் ஏறி எஞ்சினைக் கூட்டினார். கயிறு இறுகியது. போல்ட் அறவில்லை. கயிறும் அறவில்லை, நான் வெட்டிய பற்களும் நழுவவில்லை. தோணி அசையவில்லை. கொஞ்ச நேரம் எல்லாம் அப்படியே நின்றது. பிறகு என் முதுகுக்குப் பின்னால் சாக்குக் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். தென்னை வேரோடு மெல்ல வந்துகொண்டிருந்தது. ஜீப் தோணியை இழுக்காமல் தன்னைத்தானே கடலுக்கு இழுத்துக்கொண்டிருந்தது.

லீவரை இழுங்க என்று கத்தினேன். அவர் இரண்டு கையாலும் இழுப்பது தெரிந்தது. பாரத்தில் பற்கள் கவ்விப் பிடித்திருந்தன, வரவில்லை. எஞ்சினை நிறுத்தினார். அதற்குள் முன் சில்லுகளுக்குக் கீழே மேடு இடிந்தது. தம்பிதான் அவருடைய கையைப் பிடித்து வெளியே இழுத்தார். ஜீப் மூக்குக் குத்தி இறங்கி, கிணற்று வளையங்களுக்குப் பக்கத்தில், தோணியின் மேலேயே சாய்ந்தது. இரண்டு நாளில் அதன் கண்ணாடி வரை மணல் நிரம்பியது.

யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் சொன்னார்.

அதே மாரியில் வீட்டின் குசினி கடலில் போனது, பிறகு நடுவீடு, கடைசியில் மிச்சமும். மிஞ்சிய தோணியைத் தம்பி விற்றுவிட்டு ஓமானுக்குப் போனார். மாப்பிள்ளை வீட்டார் மரியாதையான மனிதர்கள். நோன்புப் பெருநாள் வரை பொறுத்திருந்துவிட்டு சம்மந்தம் வேண்டாமென்று ஆள் அனுப்பிச் சொன்னார்கள். வயல் பக்கத்துச் சுவர் யன்னல் மட்டத்தோடு நின்றது. அந்த வழியால் போகும்போது பார்ப்பேன், உள்ளே ஆடு கட்டியிருப்பார்கள்.

ஒரு தடவை அவர்கள் வாடகைக்கு இருந்த அறைக்குப் போனேன். பற்களை நேராக வெட்டியது என் பிழை என்று சொல்ல நினைத்துத்தான் போனேன். சொன்னேன். நான்தானே வெட்டச் சொன்ன தம்பி என்றார். தேத்தண்ணி தந்தார். என் பிள்ளைகளின் சுகம் விசாரித்தார். கரண்ட் போனது, அறை இருட்டானது. அது எங்கால வரும் என்று அவர் கேட்கவில்லை. மகள் மெழுகுதிரி கொண்டுவந்து வைத்தாள்.

பிறகு ஆறேழு வருசம் அவரைக் காணவில்லை. ஒரு நாள் பிரதேச செயலகத்துக்கு முன்னால் போட்டோக்கொப்பி கடையில் நின்றபோது பின்னாலிருந்து தம்பி என்று குரல் கேட்டது. மெலிந்துபோயிருந்தார். பக்கத்தில் மகள், கையில் படம் ஒட்டிய பாஸ்போர்ட் விண்ணப்பம். குவைத்தில் ஒரு வீட்டுக்கு வேலைக்குப் போகப் போகிறாளாம். ஏஜென்சிக்காரர் நல்ல மனிசனாம் என்றார். யார் சொன்னது என்று நான் கேட்டேன். ஏஜென்சிக்காரர்தான் என்றார்.

மூக்குக் கண்ணாடி உடைந்துவிட்டது, இதை நிரப்பித் தாருங்கள் என்று தாளை நீட்டினார். மேசை ஓரத்தில் வைத்து எழுதினேன். மகளின் பெயர், பிறந்த திகதி, உயரம். அதற்குக் கீழே நிரந்தர முகவரி என்றிருந்தது. இப்ப இரிக்கிற வீட்டு நம்பர் என்ன ராத்தா என்று கேட்டேன்.

"அது வாடக வீடு. எங்கட வீட்ட எழுதுங்க, தம்பி."

நம்பரும் தெருவின் பெயரும் எனக்கு மனப்பாடம். மகள் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் எழுதினேன். மை காயும்வரை அவர் தாளைக் கையில் விரித்துப் பிடித்திருந்தார். பிறகு இருவரும் படியேறி உள்ளே போனார்கள்.